பத்துப் பேருக்கான திரை

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசைகளில் பெற்றோர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்வரிசைகளில் உங்கள் பிள்ளைகள். நடுவில் இரண்டு வரிசை காலி. கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கிட்டு யார்கிட்டயோ பேசுறான், திடீர்னு சிரிக்கிறான். எட்டிப் பாத்தா அவன் விளையாடக்கூட இல்லைங்க. வேற எவனோ விளையாடுறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். இதுல என்னங்க இருக்கு?" நியாயமான கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் அதற்கான பதில்தான்.

பின்வரிசைக்குத் தெரிந்ததை முதலில் முன்வரிசைக்குச் சொல்லிவிடுகிறேன். டிஸ்கார்டு என்றொரு செயலி. அதில் நண்பர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு குழுவை அமைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் எழுத்தில் பேசச் சில அறைகள், குரலில் பேசச் சில அறைகள். குரல் அறையைப் பிள்ளைகள் 'விசி' என்பார்கள். "விசிக்கு வாடா" என்றால் அங்கே வா என்று பொருள். அங்கே போன் மாதிரி மணி அடிப்பதில்லை, யாரும் எடுத்து 'ஹலோ' சொல்ல வேண்டியதில்லை. நுழைய வேண்டுமென்றால் நுழையலாம், கிளம்ப வேண்டுமென்றால் கிளம்பலாம். அப்படி நாலைந்து பேர் உள்ளே இருக்கும்போது ஒருவன் தன் கணினித் திரையை மற்றவர்களுக்கு நேரலையாகக் காட்டுவான். அவன் பெயருக்குப் பக்கத்தில் 'லைவ்' என்று சிவப்பாக விழும். மற்றவர்கள் அதைத் தட்டினால் அவன் பார்ப்பதை அவர்களும் பார்க்கலாம். யாராவது பார்க்க வந்தால் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது ஒரு கண் குறிக்குப் பக்கத்தில் எண்ணாகத் தெரியும். பெரும்பாலான இரவுகளில் அந்த எண் இரண்டு, மூன்று, நாலு. அவ்வளவுதான்.

இந்தச் சின்ன எண்ணைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். இந்த ஏற்பாட்டின் நல்லதும் கெட்டதும் அந்த எண் சின்னதாக இருப்பதைப் பொறுத்தே அமைகின்றன என்பது என் கட்சி.

கொஞ்சம் பின்னால் போவோம். 1968 டிசம்பர் 9. சான் பிரான்சிஸ்கோ நகரின் சிவிக் ஆடிட்டோரியம். ஒரு கணினி மாநாடு. அரங்கில் ஏறக்குறைய ஆயிரம் பேர். மேடையின் ஓரத்தில் தலையில் மாட்டிய ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்தவர் டக்ளஸ் எங்கல்பார்ட், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். அவர் பயன்படுத்திய கணினி அந்த ஊரிலேயே இல்லை. 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், மென்லோ பார்க்கில் இருந்தது. படம் மைக்ரோவேவ் அலை வழியாக வந்தது. அவர் விசைகளைத் தட்டுவதும் மவுஸை நகர்த்துவதும் அவருடைய குழு தானே செய்த மோடம் வழியாக நொடிக்கு 1200 பிட் என்ற வேகத்தில் திரும்பிப் போயின. மவுஸ் என்ற பொருளை உலகம் பொதுமேடையில் முதலில் பார்த்ததும் அன்றுதான். ஆகவே அந்த நாளைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மவுஸைப் பற்றியே எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 90 நிமிட நிகழ்ச்சியின் பிற்பகுதி. எங்கல்பார்ட் தன் சகாவான பில் பாக்ஸ்டனை அழைக்கிறார். பாக்ஸ்டன் மென்லோ பார்க்கில் இருக்கிறார். திரையின் ஒரு மூலையில் அவர் முகம் வருகிறது, குரல் கேட்கிறது, மீதித் திரையில் இருவருக்கும் பொதுவான ஒரே ஆவணம். இருவரும் அதையே பார்த்துப் பேசுகிறார்கள். பாக்ஸ்டனின் சுட்டுக்குறியும் திரையில் நகர்கிறது. ஆனால் அதனால் சுட்டிக்காட்டத்தான் முடியும். ஆவணத்தை ஆளும் உரிமை எங்கல்பார்ட்டின் கையில். காட்டுகிறவன் ஓட்டுகிறான், பார்க்கிறவன் பேசுகிறான். இன்று உங்கள் பையன் அறையில் நடப்பதும் இதே ஒப்பந்தம்தான். அன்று இதைச் செய்துகாட்ட ஓர் ஆய்வுக்கூடமே திரண்டு உழைத்தது. அரங்கின் பின்புறத்திலிருந்து பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் கேமராக்களையும் இணைப்புகளையும் இயக்கிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கம்பி கழன்றிருந்தால்கூட எல்லாம் போயிருக்கும். இன்று பத்தாம் வகுப்பு மாணவன் வலது கையால் சிப்ஸ் தின்றபடி இடது கையால் செய்கிறான்.

அங்கிருந்து இங்கே வர ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். 1991-இல் அங்கே கணினி ஆய்வகத்தில் ஒரே ஒரு காபிக் குடுவை. மாடியேறிப் போனால் பாதி நாள் அது காலியாக இருக்கும். அதன் மேல் ஒரு கேமராவைத் திருப்பி வைத்து, குடுவையின் கறுப்புவெள்ளைப் படம் எல்லோர் திரையின் மூலையிலும் தெரியும்படி செய்தார்கள். அதற்கான நிரலை எழுதியவர்களில் ஒருவர் குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசர். அதே மனிதர், அதே ஊரில் வேறோர் ஆய்வுக்கூடத்தில், சில ஆண்டுகளுக்குப் பிறகு இன்னும் சிலருடன் சேர்ந்து விஎன்சி என்ற மென்பொருளில் வேலை செய்தார். ஒரு கணினியின் திரையை வேறொரு கணினியில் காட்டும் மென்பொருள் அது. 1998-இல் எல்லோருக்கும் இலவசமாகத் தந்துவிட்டார்கள். முழுத் திரையை மீண்டும் மீண்டும் அனுப்பாமல், மாறிய செவ்வகங்களை மட்டும் அனுப்புவதுதான் அதன் சூட்சுமம். அலுவலகத்தில் கணினி பழுதாகும்போது "நான் இங்கேயிருந்தே பாக்குறேன் சார், நீங்க கையை எடுத்துடுங்க" என்று ஒரு குரல் சொல்லுமே, அந்த வகை மென்பொருள்களின் மூத்த அண்ணன் இது.

கவனியுங்கள், இதுவரை சொன்ன எல்லாமே வேலைக்கானவை. ஆவணம், பழுது பார்ப்பது, காபி உட்பட. காபி இல்லாமல் ஆய்வகத்தில் வேலை ஏது? வேலையே இல்லாமல், சும்மா, திரையை நண்பனுக்குக் காட்டலாம் என்ற எண்ணத்தைப் பரப்பியவர்கள் விளையாடுகிறவர்கள்.

டிஸ்கார்டின் பிறப்பே ஒரு தோல்வியிலிருந்துதான். ஜேசன் சிட்ரன் என்பவரின் நிறுவனம் 2014-இல் 'ஃபேட்ஸ் ஃபாரெவர்' என்று ஐபேடுக்காக ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது. அது ஓடவில்லை. ஆனால் விளையாடும்போது நண்பர்களோடு பேசுவதற்கு அன்றிருந்த வழிகள் எல்லாமே தொல்லையாக இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. சிட்ரனும் ஸ்டான் விஷ்னெவ்ஸ்கியும் பேச்சுக்கான கருவியைத் தனியாக எடுத்து 2015 மே மாதம் வெளியிட்டார்கள். அப்போது பலர் ஸ்கைப்பில் பேசிக்கொண்டே விளையாடுவார்கள். அதில் ஓர் ஆபத்து இருந்தது. உங்கள் இணைய முகவரியை எதிராளி கண்டுபிடித்து, குப்பைத் தரவை அதன் மேல் கொட்டி, ஆட்டத்தின் நடுவே உங்கள் இணைப்பையே அறுத்துவிட முடியும். தோற்கிறவன் செய்கிற அற்பத்தனம். டிஸ்கார்டு எல்லோர் குரலையும் தன் சர்வர் வழியாகவே அனுப்பியதால் உங்கள் முகவரி மற்றவனுக்குத் தெரியாமல் போயிற்று. இந்த ஒரு காரணத்துக்காகவே மாறியவர்கள் உண்டு.

2017-இல் முகம் பார்த்துப் பேசுவதும் திரையைக் காட்டுவதும் வந்தன. 2019 ஆகஸ்டில் 'கோ லைவ்' என்ற பெயரில், குழுவின் குரல் அறைக்குள்ளேயே விளையாட்டை நேரலையாகக் காட்டும் வசதி வந்தது. அதில் ஒரு வரம்பு வைத்தார்கள்: அதிகபட்சம் பத்துப் பேர் பார்க்கலாம். ஆயிரமல்ல, நூறல்ல, பத்து. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளும் அலுவலகங்களும் மூடியபோது அந்த வரம்பை 50 ஆக்கினார்கள். 2020 டிசம்பரில் கைபேசித் திரையையும் காட்ட முடிந்தது.

அந்தப் பத்தை எதோடு ஒப்பிட வேண்டும் தெரியுமா? அதே சான் பிரான்சிஸ்கோவில் 2007 மார்ச்சில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தொப்பியில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு தன் வாழ்க்கையை நாள் முழுதும் நேரலையில் விட்டார். ஜஸ்டின்.டிவி என்று பெயர். யாரென்றே தெரியாதவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு மற்றவர்களும் அதில் நேரலை போடலானார்கள். அதில் விளையாட்டுப் பகுதி மட்டும் பெரிதாக வளர்ந்து, 2011-இல் ட்விட்ச் என்று தனியாகப் பிரிந்தது. 2014-இல் அமேசான் அதை 97 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அங்கே ஒருவர் விளையாடுவதை ஐம்பதாயிரம் பேர் பார்ப்பதும் உண்டு. யூடியூபில் தமிழிலும் அப்படி விளையாடிக்கொண்டே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் ஒரு நொடி மௌனமாக இருக்கக்கூடாது. ஆள் போய்விடும். சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், தோற்றாலும் வேடிக்கையாகத் தோற்க வேண்டும். அது தொழில். மேடையில் நிற்கிறவனுக்கு வருகிற களைப்பு அதில் உண்டு. இதை நின்றுகொண்டே சொல்கிறேன்.

நாலு நண்பர்களுக்குத் திரையைக் காட்டுகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் பத்து நிமிஷம் ஒன்றுமே பேசாமல் இருக்கலாம். மோசமாக விளையாடலாம். நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். "எங்கடா போன?" என்று ஒருவன் கேட்பான், அவ்வளவுதான்.

இந்த அரங்கில் முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு நம் ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து ஒருவன் உட்கார்ந்து 'கவுன்டர் ஸ்ட்ரைக்' விளையாடுவான். அவன் நாற்காலிக்குப் பின்னால் காசில்லாத மூன்று பேர் நிற்பார்கள். "லெஃப்ட்ல பாருடா, லெஃப்ட்ல பாரு... போச்சு!" விளையாடியவனுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த மூன்று பேரும் வராத நாளில் அவன் அரை மணியிலேயே எழுந்துவிடுவான். தன் முறை வராது என்று தெரிந்தும் பின்னால் நின்றவர்கள் எதற்காக நின்றார்கள்? அந்த அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். உங்கள் மகன் விளையாட்டைப் பார்க்கவில்லை அம்மா. நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறான். நாற்காலி இப்போது வேறு ஊரில் இருக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

விளையாட்டு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது மட்டுமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி, ஓவியம் பழகுகிறவள். இரவில் கிருதா என்ற வரையும் மென்பொருளைத் திறந்து, அதை மட்டும் விசியில் லைவ் போட்டுவிடுவாள். அவளுடைய தோழிகள் இரண்டு பேர் உள்ளே இருப்பார்கள். ஒருத்தி சி.ஏ. தேர்வுக்குப் படிக்கிறாள், இன்னொருத்தி வேலை முடித்துவந்து துணி மடிக்கிறாள். மூன்று பேரும் மைக்கை அணைத்து வைத்திருப்பார்கள். ஒருநாள் அவள் அனுமதியோடு நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு கிழவியின் முகம். கண்ணுக்குக் கீழே ஒரு கோடு போடுகிறாள், அழிக்கிறாள், அதே கோட்டை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போடுகிறாள், மறுபடி அழிக்கிறாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்து எழுத்து அறையில் ஒரு வரி வந்து விழுந்தது: "முதல்ல போட்டதுதான்டி நல்லா இருந்துச்சு." இவள் பதில் எழுதவில்லை. அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள். நாலு மாதம் வகுப்புக்குப் போனாலும் இப்படியொரு விமர்சனம் கிடைக்குமா என்பது சந்தேகம். கோடு போடப்படுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளால்தான் எந்தக் கோடு நல்ல கோடு என்று சொல்ல முடியும். முடிந்த படத்தைப் பார்த்து 'சூப்பர்' போடுகிறவர்களுக்கு அது தெரியாது.

சரி, உள்ளே இது எப்படி வேலை செய்கிறது? தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும்.

கட்டணமில்லாமல் டிஸ்கார்டு தருகிற அளவு 720பி, நொடிக்கு 30 படம். 720பி என்றால் 1280-க்கு 720 புள்ளிகள், பெருக்கினால் 9,21,600. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் மூன்று பைட். நொடிக்கு 30 படம். அப்படியே அனுப்பினால் நொடிக்கு 8 கோடி பைட்டுக்கும் மேல், அதாவது சுமார் 66 கோடி பிட். பெரும்பாலான வீட்டு இணைப்புகள் தாங்காது. ஆகவே விஎன்சி காலத்துச் சூட்சுமத்தையே இன்னும் நுணுக்கமாகச் செய்கிறார்கள். முழுப்படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு எது மாறியதோ, எது எந்தப் பக்கம் நகர்ந்ததோ அதை மட்டும் அனுப்புவது. நொடிக்கு 25 லட்சம் பிட்டில் நன்றாகவே காட்டிவிட முடிகிறது. இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதனால்தான், பின்வரிசைத் தம்பிகளே, சதுரங்கத்தை லைவ் போட்டால் கண்ணாடி மாதிரி தெரிகிறது, புல்வெளியில் பைக் ஓட்டும் விளையாட்டைப் போட்டால் கட்டம் கட்டமாக உடைகிறது. சதுரங்கத்தில் ஒரு காய்தான் நகரும். புல்வெளியில் ஒவ்வொரு புல்லும் ஒவ்வொரு நொடியும் மாறுகிறது. மழை, பனி, வாணவேடிக்கை எல்லாம் இப்படித்தான். நெட்டைத் திட்டுவதற்கு முன்னால் திரையில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வி: பத்துப் பேர் பார்த்தால் என் நெட் பத்து மடங்கு போகுமா? போகாது. நீங்கள் ஒரே ஒரு பிரதியை டிஸ்கார்டின் சர்வருக்கு அனுப்புகிறீர்கள். அது வாங்கி, பிரிக்காமல், மாற்றாமல், பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி தருகிறது. குரலும் அப்படியே. 2018-இல் அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தந்த கணக்குப்படி, 850 குரல் சர்வர்களைக் கொண்டு ஒரே நேரத்தில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பேச வைத்தார்கள். யாரும் பேசாத நேரத்தில் குரல் தரவை அனுப்புவதே இல்லை. மௌனத்துக்குச் செலவில்லை.

ஆனால் உங்கள் பக்கச் செலவு உண்டு. நொடிக்கு 25 லட்சம் பிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபியைத் தாண்டும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கிற பையன் ஹாட்ஸ்பாட்டில் லைவ் போட்டால், ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த நாள் முடிந்தது. அப்புறம் அப்பாவின் போனைத் தேடி வருவான்.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். பெருங்கூட்டத்துக்கான நேரலையில் படத்தைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, சேர்த்துவைத்து, பிறகு அனுப்புகிறார்கள். அப்படியானால்தான் லட்சம் பேருக்கும் தடங்கலில்லாமல் போகும். விளையாடுகிறவன் சுடப்பட்டு விழுந்து சில நொடிகள் கழித்துத்தான் பார்ப்பவனுக்குத் தெரியும். அப்போது "லெஃப்ட்ல பாரு" என்று கத்தி என்ன பயன்? பேச்சு பேச்சாக இருக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு. நண்பர்களுக்கான நேரலை இந்தப் பேச்சுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அதற்காகக் காத்துக்கொண்டிருக்காமல் அடுத்ததற்குப் போய்விடும். அதனால் படம் அவ்வப்போது கலங்கும், ஆனால் காலம் பிந்தாது. கலங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜோக்குக்குச் சிரிப்பு மூன்று நொடி கழித்து வந்தால் பொறுக்க முடியாது.

சினிமா பார்ப்பவர்கள் கேட்பீர்கள்: நெட்ஃபிளிக்ஸைப் போட்டால் ஏன் கறுப்பாகத் தெரிகிறது? படத்தின் உரிமையாளர்கள் அதைப் பூட்டி அனுப்புகிறார்கள். பூட்டிய படத்தைத் திரைப்பிடிப்பு மென்பொருளுக்குக் கொடுக்காதே என்று கணினிக்கு உத்தரவு. அதைச் சுற்றிப்போக வழி சொல்லித்தர நான் வரவில்லை.

இப்போது முன்வரிசை எதிர்பார்க்கிற பகுதிக்கு வருகிறேன். ஆபத்து.

திரையைக் காட்டுவது முகத்தைக் காட்டுவதைவிட அந்தரங்கமானது. முகத்தை நாம் தயார்செய்துகொண்டு காட்டுகிறோம். திரை தயாராக இருக்காது. நீங்கள் எதையோ காட்டிக்கொண்டிருக்கும்போது மூலையில் வங்கியின் குறுஞ்செய்தி வந்து எட்டிப் பார்க்கும். தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினால் நேற்றுத் தேடிய சங்கதியெல்லாம் வரிசையாக இறங்கும். ஆகவே முழுத் திரையையும் காட்டாதீர்கள். காட்ட வேண்டிய ஒரே சாளரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. பெரும்பாலோர் சோம்பல்பட்டு முழுத் திரையையும் தட்டிவிடுகிறார்கள். கைபேசியில் காட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். அறிவிப்புகளை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

இது பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு வருகிற ஆபத்து வேறு, அது பணத்தைத் தின்பது. இந்தியாவில் திரைப்பகிர்வு என்ற சொல்லே பலருக்கு மோசடிச் செய்தியில்தான் அறிமுகமாயிற்று. 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் என்ற செயலியை நிறுவச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி எச்சரித்தது. செயலியில் குற்றமில்லை, அது பழுது பார்க்க உதவுகிற கருவி. "பேங்க்ல இருந்து பேசுறோம், கேஒய்சி முடியப்போகுது" என்று ஆரம்பித்து, திரையைத் திறக்க வைத்து, ஓடிபியைக் கண்ணால் பார்த்தே எடுத்துக்கொள்கிறவன்தான் குற்றவாளி. 2023 ஆகஸ்டில் வாட்ஸ்ஆப் வீடியோ அழைப்பிலேயே திரையைக் காட்டும் வசதி வந்ததும் அவனுக்கு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. புதிதாக எதையும் நிறுவச் சொல்ல வேண்டியதில்லை. அறிமுகமில்லாத எண்ணுக்குத் திரையைக் காட்ட முயன்றால் எச்சரிக்கை காட்டுவோம் என்று 2025-இல் அந்த நிறுவனமே அறிவிக்க வேண்டி வந்தது. திரை என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும். இந்த விதியை உங்கள் பிள்ளைகள் உங்களைவிட நன்றாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்றே சொல்வேன்.

அதற்காகத் தெரிந்தவர்கள் வட்டம் என்றாலே பத்திரம் என்று பின்வரிசை நிம்மதியாக உட்கார வேண்டாம். 2023-இல் அமெரிக்க விமானப்படைத் தேசியக் காவல் பிரிவைச் சேர்ந்த ஜாக் டெய்ஷேரா என்ற 21 வயது இளைஞன் இராணுவ ரகசிய ஆவணங்களை டிஸ்கார்டில் ஒரு சிறிய குழுவில் போட்டிருந்தது தெரியவந்தது. நேரலை அல்ல, எழுத்தும் புகைப்படமும்தான். ஆனால் பாடம் ஒன்றே. குழுவில் இருந்தவர்கள் விளையாட்டும் துப்பாக்கியும் பேசிக்கொண்டிருந்த நண்பர்கள். அங்கிருந்து ஒருவர் வேறொரு குழுவுக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு. உலகம் முழுதும் பரவிவிட்டது. 2024 நவம்பரில் அவனுக்கு 15 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். யாரும் குழுவை உடைத்து உள்ளே வரவில்லை. உள்ளே இருந்தவனே வெளியே எடுத்துப் போனான்.

2024 செப்டம்பர் முதல் டிஸ்கார்டு குரலையும் படத்தையும் நேரலையையும், அனுப்புகிறவர், பெறுகிறவர் தவிர வேறு யாரும், அந்த நிறுவனமேகூட, பார்க்க முடியாதபடி பூட்டி அனுப்பத் தொடங்கியது. நல்ல காரியம். எழுத்துச் செய்திகளுக்கு அந்தப் பூட்டு இல்லை. ஆனால் எந்தப் பூட்டும் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் நண்பன் தன் திரையைப் பதிவு செய்வதைத் தடுக்காது. ஆகவே யார் பார்க்கிறார்கள் என்பதே முக்கியம். பத்துப் பேர் வரைக்கும் ஒவ்வொருவரையும் உங்களால் நினைவில் வைத்திருக்க முடியும். "யார் பாக்குறாங்க?" என்று கேட்டால் பெயர் பெயராகச் சொல்ல முடியும். நாற்பது பேர் இருக்கிற அறையில், அதில் பன்னிரண்டு பேர் யாரென்றே தெரியாதபோது, நண்பர்களிடம் காட்டுவதுபோலத் திரையைத் திறந்து வைத்திருந்தால் அங்கேதான் வினை. வரம்பை 50 ஆக்கியதைக் குறை சொல்லவில்லை. பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் ஆசிரியர்களுக்கு அது கைகொடுத்தது. எண் பெருகும்போது நடத்தையும் மாற வேண்டும், அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்றிரண்டு. டிஸ்கார்டில் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. உங்கள் வீட்டில் பதினொன்றில் தொடங்கியிருந்தால் பொய் வயது கொடுத்துத்தான் தொடங்கியிருக்க வேண்டும். அதை முதலில் பேசுங்கள். 2023-இலிருந்து அதில் பெற்றோருக்கான ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளையும் ஒப்புக்கொண்டால், அவன் யாரோடெல்லாம் பேசுகிறான், எந்தக் குழுக்களில் இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன பேசினான் என்பது தெரியாது. அந்தக் கோட்டைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. உங்களில் சிலருக்கு அது போதாது என்று முகத்திலேயே தெரிகிறது. கதவைச் சாத்திக்கொண்டு நண்பனிடம் பேசியதில்லையா நீங்கள்?

தூக்கம் கெடுவது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மணி அடிக்காத அறையில் கடிகாரமும் இல்லை; எல்லோரும் கிளம்பும்வரை யாரும் கிளம்ப மாட்டார்கள். அதற்கு ஒரு நேரம் வையுங்கள். நேரம் வைத்தால் பிள்ளைகள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொள்கிறார்கள். "அதுல என்ன இருக்கு" என்று கேட்டால்தான் கோபப்படுகிறார்கள்.

கடைசியாக இரு தரப்புக்கும் ஒரு வேண்டுகோள். தம்பி, தங்கைகளே, இந்த வாரம் ஒருநாள் வீட்டிலேயே ஒருவருக்கு உங்கள் திரையைக் காட்டுங்கள். செயலி வேண்டாம், ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டால் போதும். எது வரைபடம், எது உயிர், யார் எதிரி என்று சொல்லிக்கொடுங்கள். பெற்றோர்களே, அப்போது அறிவுரை சொல்லாமல் அரை மணி உட்காருங்கள். "லெஃப்ட்ல பாரு" என்று மட்டும் சொல்ல அனுமதி உண்டு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.